நடுவில் கிடந்த மண்

முதல் குற்றம் நூல் கூடத்தில் நடந்தது. மாடக்கண்ணுவின் கையில் ஓர் ஓலையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவரும் வாசித்தார். "நீர் மெய்ப்பொருளை வாசிக்கவில்லை. துண்டறிக்கை வாசிக்கிறீர்" என்றார் கூடத்தின் தலைவர் அனவரதநாதப் பண்டிதர். எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

இரண்டாவது குற்றம் பாட்டுக் கூடத்தில். அங்கே வாய்விட்டுப் பாடினார். கூடத்தின் தலைவர் தாளத்தை நிறுத்தினார். "பாட்டு சாமிகிட்டப் போகுது. உம்ம குரல் சந்தைக்குப் போகுது. இனிமே உதட்டை மட்டும் அசையும்" என்றார்.

மூன்றாவது, மூச்சுக் கூடத்தில். ஐப்பசி மழையில் அவருக்கு இருமல் பிடித்தது. பக்கத்தில் இருமினால் மற்றவர்களின் மூச்சு கலைகிறது, மாட்டுத் தொழுவில் போய்ப் படு என்று மணலில் எழுதிக் காட்டினார்கள். தொழுவில் காய்ச்சல் ஏறியது. தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். எல்லாரும் மௌன விரதத்தில் இருந்தார்கள். பதில் வராதது நியாயம்தான். தண்ணீரும் வரவில்லை.

நாலாவது தொண்டுக் கூடத்தில், அதாவது அடுப்படியில். உள்பந்திக்கு ஒரு அரிசி வெந்தது. வாசலில் கையேந்துகிறவர்களுக்கு வேறு அரிசி வெந்தது. ஏன் என்று கேட்டார். கேட்ட வேகத்தில் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். தொண்டு செய்ய வந்தவனுக்குக் கேள்வி எதற்கு என்றார்கள்.

தனக்கு நடந்த இந்த நாலு குற்றங்களையும் மாடக்கண்ணு தினமும் காலையில் பூரணத்தம்மாளிடம் போய்ச் சொல்வார். ஒருநாளும் வரிசை மாறியதில்லை. அவர் மேடையில் பேசிப் பேசித் தேய்ந்த மனிதர். பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் சொன்னால் கூட்டம் எழுந்து போய்விடும் என்று அறிந்தவர். உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்காக ஊர் ஊராகப் பேசினார், அடி வாங்கினார், சிறைக்கும் போனார். கடைசியில் சங்கம் இரண்டாக உடைந்தது. உடைந்த இரண்டு பாதியும் அவரை வேண்டாம் என்றன. அதன் பிறகுதான் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருந்த நாலுகூட மடத்துக்கு வந்து சேர்ந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கையில் ஒரு தகரப்பெட்டி, தோளில் ஒரு துண்டு, நெஞ்சுக்குள் ஒரு கேள்வி. எது மெய்?

பூரணத்தம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். மடத்தின் நாலு கூடத்துத் தலைவர்களும் அந்த அம்மாளின் முன்னால் கைகட்டி நிற்பார்கள். அவரோ எந்தக் கூடத்திலும் தங்குவதில்லை. கிணற்றடியில் ஓர் ஓலைக் கொட்டகை, இரண்டு வெள்ளாடு, அவ்வளவுதான். ஆளை எதிரே உட்கார வைத்து உபதேசம் செய்கிற பழக்கமும் கிடையாது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து சேர்ந்தவர் மூன்றாவது தைப்பூசத்துக்குள் விளக்கின் முன் நின்று, தன்னை மெய்யின் பக்கம் திருப்பியவரின் பெயரை ஓலையில் எழுதி, சாட்சிகள் கேட்க உரக்க வாசிக்க வேண்டும். எந்தக் கூடத்துக் குருவின் பெயரை வாசிக்கிறாரோ அந்தக் கூடத்து ஆள் ஆகிவிடுவார். வாசிக்கப் பெயர் இல்லாதவர் மறுநாள் வாசலைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

மாடக்கண்ணுவுக்கு வரப்போவது மூன்றாவது தை. வாசிக்கப் பெயர் இல்லை. போக இடமும் இல்லை.

மார்கழியில் ஒருநாள் விடிந்ததும் கிணற்றடிக்கு வந்தார். பூரணத்தம்மாள் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மெய் ஒண்ணுதானா, பலதா?"

"ஒண்ணுதான்னு நாலு கூடத்துலயும் சொல்லுதாங்க, அண்ணாச்சி."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நான் கிழங்கு உரிக்கேன்."

மாடக்கண்ணு பல்லைக் கடித்தார். "நூல் ஒரு வழி, பாட்டு ஒரு வழி, மூச்சு ஒரு வழி, தொண்டு ஒரு வழி. எல்லா வழியும் ஒரே இடத்துக்குப் போகுதுன்னு சுவரெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. சரி. எல்லா வழியும் என்னை ஒரே இடத்துக்குத்தான் கொண்டு போச்சு. வெளியே."

அம்மாள் சிரித்தார். உரித்த கிழங்கில் ஒன்றை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"முதலாவது, நூல் கூடத்துல..." என்று ஆரம்பித்தார்.

"வரிசை தப்பு, அண்ணாச்சி."

மாடக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார். அவரைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"எது தப்பு? நூல், பாட்டு, மூச்சு, அடுப்படி. நடந்தது நடந்தபடி."

"நாலும் சரி. முதலாவது அது இல்ல."

"பின்னே எது?"

"அது எனக்குத் தெரியாது. உங்க வரிசை. அதுக்கு முன்னால என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அன்று முழுவதும் மாடக்கண்ணு ஓர் இடத்தில் உட்காரவில்லை. மாட்டுத் தொழுவுக்குப் போனார், வாசலுக்கு வந்தார், பனைகளுக்கு நடுவே நடந்தார், திரும்பினார். மறுநாள் விடியுமுன்னே வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சுட்டேன். முதலாவது, சங்கம் உடைஞ்ச அன்னிக்கு. நான் நட்ட கொடிக்கம்பத்துக்குக் கீழயே என்னை நிக்க விடல."

"அதுக்கு முன்னால?"

அடுத்த நாள், உப்பள முதலாளி ஆள் வைத்து அடித்ததைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள், அவர் சிறையில் இருந்தபோது மனைவி செத்ததையும், தூக்க நாலு பேர் இல்லாமல் போனதையும் கொண்டுவந்தார். பூரணத்தம்மாள் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அதுக்கு முன்னால?"

"உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்காம்மா?"

"இருக்கு. அதான் கேக்கேன்."

அப்பா அடித்தது வந்தது. பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீருக்குத் தனிப்பானை வைத்தது வந்தது. பிறந்த வீட்டில் நெல்லுச்சோறு இல்லாதது வந்தது. ஒவ்வொன்றுக்கும் அதே இரண்டு சொல். கடைசியில் மாடக்கண்ணு கத்தினார்.

"அதுக்கு முன்னால நானே இல்லம்மா! பிறக்கவே இல்ல!"

"ஆமா," என்றார் பூரணத்தம்மாள். "அங்கதான் நிக்கிய."

"வேற வழி ஏதாவது சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாலு கூடத்துக்கும் நீங்க சரிப்படல. அது உங்க குத்தம் இல்ல. உங்க வழி கோபம். நல்ல வழிதான். பாதியில உட்கார்ந்துட்டிய."

மாடக்கண்ணுவுக்கு அந்த வார்த்தை உள்ளே போய்க் குத்தியது. கோபத்தை விடு என்று சொன்னவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இன்னும் போ என்று சொன்னவரை இப்போதுதான் பார்க்கிறார். அதனால் எரிச்சல் குறையவில்லை, கூடியது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அம்மாளின் கொட்டகைக்குப் பக்கத்துக் கிணறுதான் மடத்துக் கேணி, அதில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. அந்தக் கேணிக்கு நாலு பக்கமும் நாலு உருளை. கூடத்துக்கு ஒரு உருளை, கூடத்துக்கு ஒரு கயிறு. ஒரு கூடத்துக் கயிற்றை மற்றக் கூடத்தார் தொடமாட்டார்கள். தங்கள் பக்கத்துத் தண்ணீர்தான் இனிப்பு என்று நாலு பேரும் நம்பினார்கள்.

கேணி வந்த கதையை நூல் கூடம் ஓலையில் வைத்திருந்தது, பாட்டுக் கூடம் பாடிக்கொண்டிருந்தது. நாலு திசையிலிருந்து நாலு சித்தர்கள் வந்தார்கள். ஒரே இடத்தில் நாலு ஊன்றுகோலையும் ஊன்றினார்கள். பூமி பிளந்து ஊற்று எழுந்தது. அதுதான் கதை.

பூசத்துக்கு முன்னால் தூர் வாருவது என்று முடிவாயிற்று. கூடத்துக்கு நாலு ஆள் இறங்கினார்கள். மாடக்கண்ணு மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கூடத்தாரும் தங்கள் பக்கத்துச் சேற்றை மட்டும் வெட்டித் தங்கள் கயிற்றில் ஏற்றினார்கள். நடுவுக்கு வந்ததும் மண்வெட்டி நின்றது. சாயங்காலம் எல்லாரும் ஏறி வந்தபோது கேணியின் அடியில் நாலு பள்ளமும், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடும் இருந்தன. பள்ளங்களில் தண்ணீர் கசிந்ததே தவிர ஊறவில்லை.

"நடுவை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார் மாடக்கண்ணு.

பாட்டுக் கூடத்துத் தலைவர் கால் கழுவிக்கொண்டே சொன்னார். "நடு நாலு கூடத்துக்கும் பொது."

"பொதுன்னா நாலு பேரும் சேர்ந்துல்லா எடுக்கணும்?"

"ஒருத்தர் கைவச்சா மத்தவங்க பங்குல கைவச்ச மாதிரி ஆகும். எங்க குரு காலத்துலயும் எடுத்ததில்ல. அவங்க குரு காலத்துலயும் எடுத்ததில்ல."

"நல்ல பொது. ஒருத்தனும் தொடாத பொது."

"வந்துட்டாருப்பா, மேடை போட!" என்று அடுப்படியிலிருந்து ஒருவன் சொன்னான். கிணற்றடியே சிரித்தது.

பூரணத்தம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அண்ணாச்சி எந்தக் கூடம்?"

"எந்தக் கூடமும் இல்ல. அதுதான் ஊருக்கே தெரியுமே."

"அப்ப இறங்குங்க."

மறுநாள் காலையில் மாடக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர்ப்படிகளில் கால் வைத்து இறங்கினார். கூடைக்கு யாரும் கயிறு தரவில்லை. பூரணத்தம்மாள் ஆட்டுக் கயிறுகளையும் கொடிக்கயிற்றையும் முடிச்சுப் போட்டு நீளமாக்கி, சுவரோரம் நின்று தானே இழுக்கத் தொடங்கினார். தலைவர்கள் பதறி ஓடி வந்தார்கள்.

"அம்மா, நீங்க இழுக்கிறதா? எங்க உருளை இருக்கு!"

"அவங்கவங்க உருளை அவங்கவங்ககிட்டயே இருக்கட்டும்."

கீழே மாடக்கண்ணு வெட்டினார். வெட்டுக்கு ஒரு குற்றம் சொல்லி வெட்டினார். நூல் கூடம். பாட்டுக் கூடம். மூச்சுக் கூடம். அடுப்படி. கொடிக்கம்பம். முதலாளி. ஆள் இல்லாத பாடை. அப்பா. தனிப்பானை. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் நூல் கூடம். கேணிக்குள் அந்தக் குரல் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. மேலே நின்றவர்கள் தங்கள் பெயர் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உச்சிவெயில் கேணிக்குள் நேராக விழுந்த நேரத்தில் குரல் நின்றது.

பூரணத்தம்மாள் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, சத்தத்தைக் காணோம்?"

கீழே மாடக்கண்ணு மண்ணில் குந்தியிருந்தார்.

"அம்மா, இங்க ஒரு ஆள் இருக்கு."

சாம்பல்நிறக் களிமண்ணுக்குள் ஓர் இரும்பு வளை தெரிந்தது. வளைக்குள் எலும்பு இருந்தது. மாடக்கண்ணு மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் தோண்டினார். தோளிலிருந்து எடுத்த துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எந்த எலும்பும் பெரிதாக இல்லை. வளை அவருடைய நாலு விரலைத் தாண்டவில்லை. கடைசி எலும்பை எடுத்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. அவர் ஏறி வருவதற்குள் முழங்காலைத் தொட்டுவிட்டது.

தண்ணீரைப் பார்த்து நாலு கூடமும் கொண்டாடியது. மாடக்கண்ணு துண்டு மூட்டையை அம்மாளின் கொட்டகையில் வைத்தார். வளையை மட்டும் எடுத்துக்கொண்டு நூல் கூடத்துக்குப் போனார்.

"பண்டிதரே, இது யாரோடது?"

அனவரதநாதப் பண்டிதர் ஓலைகளைப் புரட்டினார். "சித்தர்கள் ஊன்றுகோல் ஊன்றினார்கள் என்றுதான் இருக்கிறது. வளை என்று எங்கும் இல்லை. இல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?"

பாட்டுக் கூடத்துத் தலைவர் வளையைப் பார்த்ததும் கண்ணை மூடினார். "யாரோ ஒரு அடியவர் சாமிக்குப் போட்ட காணிக்கை. இதை வச்சு ஒரு பாட்டுக் கட்டலாமே!"

"உள்ள எலும்பு இருந்துச்சு."

"அது பாட்டுக்கு ஆகாது."

மூச்சுக் கூடத்தின் தலைவர் பேசவில்லை. மணலில் எழுதினார். வளையும் இல்லை, கையும் இல்லை, எல்லாம் தோற்றம்.

"கை இருந்துச்சு சாமி. நான் தொட்டு எடுத்தேன்." மாடக்கண்ணு குனிந்து அந்த எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுந்தார்.

அடுப்படியில், "கழுவிக் குடும். சின்னச் சட்டிக்கு அடியில சும்மாடா வைக்கலாம்" என்றார்கள்.

அதற்கு மேல் மாடக்கண்ணுவால் மடத்துக்குள் இருக்க முடியவில்லை. வாசலைத் தாண்டி நடந்தார். நாளைக்குப் பூசம், நாளை மறுநாள் எப்படியும் தாண்டத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கேணி வெட்டுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் குடியிருக்கும் கல்மேடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. இத்தனை நாளில் ஒருமுறையும் அந்தப் பக்கம் போனதில்லை என்பது நடக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

முதல் குடிசையின் முன்னால் சண்முகக்கனி என்ற பெண் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"மடத்து ஆளா? சோறு தர வந்தீரா, சொர்க்கம் தர வந்தீரா? எதுன்னாலும் அந்தக் கல்லு மேல வச்சிட்டுப் போரும்."

மாடக்கண்ணு வளையை நீட்டினார்.

சுத்தியல் பாதியில் நின்றது. அவள் தன் முழங்கையில் கிடந்த வளையைப் பார்த்தாள். அதே முறுக்கு, அதே பூட்டு.

"எங்க கிடந்துச்சு?"

"கேணிக்கு நடுவுல."

"வளை மட்டுமா?"

"ஆளையும் எடுத்தாச்சு. முழுசா எடுத்தேன். துண்டுல கட்டி வச்சிருக்கேன்."

அவள் எழுந்து நின்று ஏதோ குரல் கொடுத்தாள். அங்கங்கே கல் உடைக்கிற ஓசை ஒவ்வொன்றாக அடங்கியது. ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். சண்முகக்கனிதான் பேசினாள்.

"அந்தக் கேணியை வெட்டுனது எங்க ஆளுங்க. ஊத்து பொங்குற நேரத்துல மண்ணு சரிஞ்சுட்டு. கீழ மண் சுமந்துக்கிட்டு நின்ன சின்னப் பொண்ணு அதுக்குள்ள போயிட்டா. தோண்டி எடுத்துக்கிடுதோம்னு கால்ல விழுந்து கேட்டிருக்காங்க. தண்ணி கண்டாச்சு, இனிமே உங்க கால் பட்டா தீட்டுன்னு சொல்லி மடத்துக்காரங்க வெளிய அனுப்பிட்டாங்க. அன்னிக்கே நாலு பக்கமும் உருளை ஏத்திட்டாங்க."

"ஊன்றுகோல் ஊன்றுனதாப் பாடுதாங்க."

"கேக்கோமே, இங்கயும் கேக்கத்தான் செய்யுது. நல்லா ராகமாத்தான் பாடுதாங்க."

"அவ பேரு என்ன?"

பின்னால் நின்ற ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மண்ணுக்குள்ள இருக்கவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்," என்றாள் சண்முகக்கனி. "கூப்பிட்டா அவ வர முடியாமத் தவிப்பா. ஒரு தலைமுறைக்கு ஒரு காதுல மட்டும் அந்தப் பேரு இருக்கும். இப்ப என் காதுல இருக்கு. சத்தமாச் சொல்லிக் கேட்டவங்க இங்க யாருமே கிடையாது."

"இப்பத்தான் எடுத்தாச்சே. சொல்லலாமே."

"எடுத்தவரு வாயாலதான் முதல்ல வரணும். நாலு பேரு சாட்சியா நின்னு கேக்கணும். எங்க ஆளு மட்டும் கேட்டாப் பத்தாது. மூடி வச்ச ஆளும் கேக்கணும்." அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "முடியுமா உம்மால? மடத்துல சோத்தை நிறுத்திருவாங்களே."

"காய்ச்சல்ல கேட்ட தண்ணியையே ஏற்கெனவே நிறுத்திப் பாத்துட்டாங்க."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். கிட்ட வந்து அவர் காதில் சொன்னாள். அத்தனை தலைமுறை மூடிக் கிடந்த பெயர் காதில் விழுந்ததும் மாடக்கண்ணு ஒரு அடி பின்னால் போனார்.

"நீங்க எல்லாரும் நாளைக்கு வரணும்," என்றார்.

"உள்ள விடமாட்டாங்களே."

"வாசலுக்கு வாங்க. மிச்சத்தை என் தொண்டை பாத்துக்கும்."

பூசத்தன்று விடியற்காலையில் வழக்கம்போலக் கிணற்றடிக்கு வந்தார். தண்ணீர் நாலு கயிற்றுக்கும் எட்டும் உயரத்துக்கு வந்திருந்தது. பூரணத்தம்மாள் ஆட்டுக் கயிற்று முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது.

"அம்மா, கேணிக்கு அடியில இது இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நடுவுல மண் இருக்குன்னு தெரியும்."

மாடக்கண்ணு உட்கார்ந்தார், எழுந்தார். "என் நாலு குத்தத்தையும் என்ன செய்ய? விட்டுரணுமா?"

"யாரு விடச் சொன்னா? அதது இடத்துல இருக்கட்டும்."

"அப்ப இதுதான் முதலாவதா?"

பூரணத்தம்மாள் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார்.

"எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. இன்னிக்கு இதை வாசிங்க. அதுக்கு முன்னால ஒண்ணு இருந்தா, நாளைக்கு எங்க இருந்தாலும் வந்து சொல்லுங்க."

முற்றத்தில் விளக்கேற்றியாயிற்று. நாலு கூடத்தாரும் நாலு பக்கம் உட்கார்ந்தார்கள். வாசலுக்கு வெளியே கல்மேட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். எதற்காக நிற்கிறார்கள் என்று காவல்காரனுக்குப் புரியவில்லை. சோறு இன்னும் ஆகவில்லை என்று சொல்லிப் பார்த்தான். யாரும் நகரவில்லை. சண்முகக்கனி முன்னால் நின்றாள். அவள் இடுப்பில் ஜல்லிக் கூடை இல்லை, அம்மாளின் கொட்டகையிலிருந்து வந்த துண்டு மூட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி இருந்தது.

"மாடக்கண்ணு," என்று அழைத்தார் அனவரதநாதப் பண்டிதர். "இது உமக்கு மூன்றாவது தை. உம்மை மெய்யின் பக்கம் திருப்பியவர் யார்? பெயரை வாசியும்."

மாடக்கண்ணு கையில் ஓலையோடு எழுந்தார். விளக்கை நோக்கி நடக்கவில்லை. வாசலை நோக்கி நடந்து நிலைப்படியில் நின்றார். முதுகு ஒரு பக்கத் தூணிலும், முகம் முற்றத்துக்கும் தெருவுக்கும் நடுவிலுமாக நின்றார்.

"இங்கே வந்து மெதுவாக வாசியும்," என்றார் பாட்டுக் கூடத்துத் தலைவர். "இது சந்தை இல்லை."

"மெதுவா வாசிச்சாப் பாதிச் சாட்சிக்குக் கேக்காது."

மூச்சுக் கூடத்தின் தலைவர் மணலில் ஏதோ எழுதினார். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மாடக்கண்ணுவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்தார். அவர் எதிரே பூரணத்தம்மாள் இல்லை. தேடினார். எந்தக் கூடத்துப் பக்கமும் இல்லாமல், வாசலுக்கு வெளியே, கல்மேட்டுக் கூட்டத்துக்குள் சண்முகக்கனிக்குப் பின்னால் ஆட்டுக் கயிற்றோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

மாடக்கண்ணு ஓலையை முகத்துக்கு நேரே பிடித்தார். துண்டறிக்கை வாசிக்கிற மாதிரியேதான் வாசித்தார். கேணிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வரும் குரலில் வாசித்தார்.

"முதலாவது. மாசானம் மகள் வெயிலாச்சி."